டம்ளர் மூடியாய்ப் போன பிளாப்பிகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. ஒன்றை எழுத உட்கார்ந்தால் இன்னொன்று மறந்துபோகிறது, மறந்தது நடுவில் வந்து நிற்கிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேர் எதையும் நான் எழுதவில்லை. அது மறதியால் இல்லை. என் தங்கச்சி மகளிடம் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "எழுது பெரிம்மா, பேரு மட்டும் வாணாம்" என்றாள். அதற்கப்புறம்தான் நோட்டை எடுத்தேன்.

தொண்ணூறுகளில் நான் அடையாறு பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் பெருக்கித் துடைக்கும் வேலையில் இருந்தேன். வீடு சைதாப்பேட்டை ஆற்றோரம். எங்கள் துறையில் பெண்களின் உடம்பு, குடும்பம், கஷ்டம் இதைப் பற்றியெல்லாம் ஆராய்ச்சி செய்வார்கள். கம்ப்யூட்டர் ரூம் ஒன்று இருந்தது. நாலு கம்ப்யூட்டர், நாலுக்கும் துணி உறை. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், துறைத் தலைவர் மேடமே ஆனாலும். அந்த உறைகளை மாசம் ஒரு தரம் துவைத்துப் போடுவது என் வேலை. அந்த ரூமில் ஏ.சி. இருந்ததால் வெயில் நாளில் கொஞ்சம் அதிகமாகவே துடைப்பேன்.

யாரிடமும் நான் பேச மாட்டேன். மேடத்திடம் "சரிங்கம்மா" என்பதைத் தவிர ஒரு வருஷத்தில் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். மேடம் மயிலாப்பூரில் பரம்பரையாக இருக்கிற குடும்பம். கோபம் வந்தால்கூட குரல் உயராது. அதனாலேயே எனக்குப் பயம்.

மேடத்திடம் ஒரு பெண் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தது. இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும். ஹாஸ்டலில் இருந்தது. ஆற்றோரக் குடிசைகளில் இருக்கிற பெண்களிடம் பேசி எழுத வேண்டும் என்பது அதன் படிப்பு. முதலில் தனியாகப் போய் எங்கள் தெருவில் நின்றிருக்கிறது. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. "கார்டு குடுப்பியா? பட்டா குடுப்பியா? அப்பால இன்னாத்துக்கு உனக்கு எங்க கதை?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் மறுநாள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதது. நான் பக்கெட்டோடு நின்றேன். எனக்கு எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை, "எங்க வூட்டாண்ட வாங்க, நான் சொல்றேன் அவங்ககிட்ட" என்று சொல்லிவிட்டேன்.

அப்படித்தான் அது என் வீட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தது. நான் ஒவ்வொரு வீடாகப் போய் ஒரே வார்த்தையைச் சொன்னேன்: "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. சொன்னது வெளிய போவாது. நான் கீறேன்ல." இந்த "நான் கீறேன்ல"தான் எல்லாவற்றுக்கும் காரணம். எங்கள் வரிசையிலும் பின்வரிசையிலும் ஏறக்குறைய எல்லாப் பெண்களும் வந்து பேசினார்கள். பேச ஆரம்பித்ததும் அந்தப் பெண் என்னை வெளியே போகச் சொல்லிவிடும். நான் குழாயடியில் போய் நிற்பேன்.

என் தங்கச்சியும் வந்தாள். அவள் சொல்லப்போவது என்னவென்று எனக்கு மட்டும் தெரியும். அவள் புருஷன் லாரி ஓட்டியவன். இரண்டு வருஷம் முன்னால் இளைத்து இளைத்துச் செத்துப்போனான். டி.பி. என்று சொல்லி வைத்தோம். அப்புறம் இவளுக்கும் காய்ச்சல் வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, எய்ட்ஸ் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பேரைச் சொன்னாலே டம்ளரில் தண்ணீர் தர மாட்டார்கள். மகளுக்கு ஒன்றும் இல்லை, ரத்தம் பார்த்துவிட்டோம். அந்த மகளுக்குத்தான் அப்போது மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். தங்கச்சி அந்தப் பெண்ணிடம் சொல்லலாமா என்று என்னைக் கேட்டாள். "சொல்லு, நெஞ்சுல இருக்கறது எறங்கும்" என்றேன்.

அந்தப் பெண் கேட்டதையெல்லாம் தமிழிலேயே அடித்து பிளாப்பியில் போட்டுவைக்கும். பிளாப்பி என்றால் இப்போது இருக்கிறவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. உள்ளங்கை அளவில் சதுரமாக பிளாஸ்டிக் அட்டை, ஒரு ஓரத்தில் தள்ளித் திறக்கிற சின்னத் தகடு. அதற்குள்தான் எழுத்தெல்லாம் இருக்குமாம். கறுப்பு, நீலம், சாம்பல் என்று கலர் கலராக இருக்கும். எங்கள் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் அது அடிக்கடி கெட்டுப்போகும். கெட்டதை அந்தப் பெண் குப்பைக்கூடையில் போடும். ஒருநாள் நான், "இதை எடுத்துக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன். "எடுத்துக்குங்க ஆயாம்மா, ஒண்ணுத்துக்கும் உதவாது" என்றது, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு உதவியது. ஆற்றோரத்தில் ஈ எப்படி இருக்கும் என்று அங்கே குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு டம்ளரில் டீ ஊற்றி வைத்துத் திரும்புவதற்குள் நாலு ஈ செத்துக் கிடக்கும். இந்த பிளாப்பி எவர்சில்வர் டம்ளர் வாய்க்கு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. கனமில்லை, துருப்பிடிக்காது, துடைத்தால் போதும். முதலில் என் வீட்டுக்கு ஒன்று. பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். கெடக் கெடக் கொண்டுபோய்க் கொடுத்தேன். யாருக்கும் எதுவும் கொடுத்துப் பழக்கமில்லாத எனக்கு அது பெருமையாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். "ஆபீஸ் மூடி" என்று எங்கள் வரிசையில் அதற்குப் பேரே வந்துவிட்டது.

இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நீங்கள் எழுதி வைத்திருக்கிற பெண்களின் பேர்களை எப்படிப் பாதுகாக்கிறீர்கள், கம்ப்யூட்டருக்கும் பிளாப்பிக்கும் என்ன பூட்டு போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். பூட்டு எதுவும் போடவில்லை. மேடம் அபிராமபுரத்திலிருந்து வருகிற கம்ப்யூட்டர் சாரைக் கூப்பிட்டார். அவர் வெளி ஆள், மெஷின் கெட்டால் வந்து பார்ப்பவர். ஹெட் கிளார்க்கும் வந்து உட்கார்ந்தார். நான் கேண்டீனிலிருந்து பிளாஸ்கில் டீ வாங்கி வந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"பூட்டு மூணு விதமா இருக்கு மேடம்," என்றார் சார். "ஒண்ணு, கம்ப்யூட்டரைப் போட்டதும் ரகசிய வார்த்தை கேக்கும். சொன்னாத்தான் உள்ள விடும். செலவில்லை."

"அது போதாதோ?"

"போதாது. மூடியைக் கழட்டி உள்ள இருக்கற சின்ன பேட்டரியைப் பிடுங்கிட்டா அந்த வார்த்தையை அதுவே மறந்துடும். அப்புறம், இது வாசக்கதவுக்குப் பூட்டு. பிளாப்பி வாசலுக்கு வெளிய போறது. அதுக்கு யார் பூட்டு?"

இரண்டாவது, எல்லாவற்றையும் சுருக்கிக் கட்டி மூட்டை போட்டு அதற்கு வார்த்தை வைப்பது என்றார். அதை உடைக்கிறதுக்கென்றே வேறொரு பிளாப்பி கைக்குக் கை சுற்றுகிறதாம். மூன்றாவதை அவர் கம்ப்யூட்டரில் போட்டே காட்டினார். ஒரு பக்கம் தமிழில் நன்றாகப் படிக்கிற மாதிரி இருந்தது. ஒரு வார்த்தையைத் தட்டினார். எழுத்தெல்லாம் கலைந்து, கோடும் புள்ளியும் கொக்கியுமாக ஆகிவிட்டது.

"கோலத்துல மழை பெஞ்ச மாதிரின்னா இருக்கு," என்றார் மேடம்.

"இதுல ரெண்டு இருக்கு. அமெரிக்காக்காரன் கடையில விக்கறது ஒண்ணு. அவன் பெரிய பூட்டைத் தனக்கு வச்சுண்டு வெளிதேசத்துக்கெல்லாம் சின்னப் பூட்டைத்தான் அனுப்பறான். சட்டமே அப்படி. இது வேற ஊர்ல எழுதினது, பெரிய பூட்டு. ஆனா ஒண்ணு. வார்த்தை மறந்துபோச்சுன்னா போனதுதான். நான் வந்தாலும் திறக்க முடியாது."

இதைக் கேட்டு ஹெட் கிளார்க் டம்ளரைக் கீழே வைத்தார். எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பூட்டு வாங்கினாலும் அதன் இரண்டாவது சாவியைக் கவரில் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டு, அவருடைய மரப்பெட்டியில் கொடுத்துவிட வேண்டும். பாத்ரூம் சாவிகூட அந்தப் பெட்டியில் இருந்தது.

"டூப்ளிகேட் இல்லாத பூட்டை ஆபீஸ்ல அனுமதிக்க முடியாது மேடம். வார்த்தையை எழுதிக் கவர்ல போட்டுக் குடுத்துடுங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா?"

"எனக்கு ஒண்ணுன்னா உங்களுக்கு ஏன் சார் அந்தப் பொம்மனாட்டிகள் பேரு?" என்று மேடம் லேசாகச் சிரித்தார். ஆனால் அந்தப் பெண்ணைப் பார்த்து யோசித்தார். மூன்று வருஷத்து உழைப்பு அது. வார்த்தை தொலைந்தால் பட்டமும் தொலைந்தது. "கவர்ல போட்டு வெச்சுடலாம்னுதான் தோண்றது," என்றார் கடைசியில்.

பெண்ணுக்கும் அதுதான் நிம்மதி என்று முகத்தில் தெரிந்தது. சார் தலையாட்டிவிட்டு, "இதுவரைக்கும் எழுதின பிளாப்பி எல்லாத்தையும் கொண்டாங்க, எல்லாத்துக்கும் ஒரே தடவையா பூட்டு போட்டுடறேன்" என்றார். பெண் டப்பாவையும் நோட்டையும் கொண்டுவந்தது. ஒவ்வொரு பிளாப்பிக்கும் நம்பர் போட்டு நோட்டில் எழுதியிருந்தது. சார் எண்ணினார். பதினாலு குறைந்தது.

"அது கெட்டுப்போனது சார். அழிக்க முடிஞ்சதை அழிச்சுட்டு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன்."

"கெட்டுப்போச்சுன்னு உங்க மெஷின் சொல்லுது. இன்னொரு மெஷின் படிக்கும். அழிச்சேன்னு சொல்றீங்களே, அழிச்சா பொருளடக்கத்துல இருக்கற பேருதான் போகும். உள்ள எழுதினது அப்படியேதான் இருக்கும், மேல வேற எழுதற வரைக்கும். எங்க போட்டீங்க?"

அந்தப் பெண் குப்பைக்கூடையைப் பார்த்தது. "குப்பையில."

"அப்போ கார்ப்பரேஷன் லாரியோட போயிருக்கும். போகட்டும்," என்றார் மேடம்.

நான் பிளாஸ்கை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன். பதினாலும் எங்கே இருக்கிறது என்று அந்த ரூமில் எனக்கு மட்டும் தெரியும். எதெது எந்த வீட்டில், எந்த டம்ளர் மேல் என்பது வரைக்கும். ஆற்றோரத்துப் பெண்களின் பேரும் நோயும் அதே பெண்களின் வீட்டிலேயே, ஒருத்தியுடையது இன்னொருத்தி வீட்டில், ஈ மொய்க்காமல் இருக்க உட்கார்ந்திருக்கிறது. என் தங்கச்சியுடையதும் அதில் ஏதோ ஒன்றில். சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. சொன்னால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகுமோ என்றும் இருந்தது, நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்றும் இருந்தது. உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் துணிப்பையோடு ஒவ்வொரு வீடாகப் போனேன். "ஆபீஸ்ல திருப்பிக் கேக்கறாங்க" என்பதுதான் நான் சொன்ன பொய்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறியே யக்கா, இது இன்னா சீர்வரிசையா?" என்றாள் ஒருத்தி.

"கெவுர்மெண்டுக்கு நம்ம டம்ளர் மூடி மேலயும் கண்ணு வந்துடிச்சா?" என்றாள் அடுத்தவள். சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். ஒன்றில் அடுப்புச் சூடு பட்டு மூலை உருகியிருந்தது. ஒன்றை சபீனா பவுடர் போட்டுத் தேய்த்து வெளுக்க வைத்திருந்தார்கள். ஒன்றில் குழந்தைக்குத் திருநீறு வைத்திருந்தார்கள். என் வீட்டிலிருந்ததையும் சேர்த்து பன்னிரண்டு ஆயிற்று.

மீதி இரண்டு மாப்பிள்ளை வீட்டில். தங்கச்சி மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த இடம் எங்கள் வரிசைக்குப் பின்வரிசை. மாப்பிள்ளையின் அம்மா கோர்ட்டு வாசலில் இட்லிக்கடை போட்டிருந்தாள். சட்னிக் கிண்ணத்துக்கு மூடி வேண்டும் என்று அவளாகத்தான் கேட்டாள். நானும் சம்மந்தம் ஆகப்போகிற இடம் என்று நல்லதாகப் பார்த்து இரண்டு கொடுத்திருந்தேன். ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"இன்னொண்ணு?"

"அத்த எம் புள்ள எட்துக்கினு பூட்டான். அவன் வேலை செய்யற கடையிலதான் கம்ப்யூட்டரு கீதே. போட்டுப் பாக்கறேன்னு எட்துக்கினு போயி நாலு நாளாவுது." என் முகத்தைப் பார்த்தாள். "இன்னா கீது அதுல? தங்கமா வெச்சிருந்தே?"

"ஆபீஸ் கணக்கு."

"கணக்குக்கா இப்டி வேர்க்குது உனக்கு? குந்து, தண்ணி குடி."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எல்லாம் வாயில் வந்துவிடும்.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொல்லாமலே மாம்பலத்துக்கு ரயில் ஏறினேன். ஒரே ஸ்டேஷன். அந்த ஒரு ஸ்டேஷனுக்குள் என்னென்னவோ நினைத்துவிட்டேன். அவன் படித்திருப்பான். அம்மாவிடம் சொல்லியிருப்பான், அவள் அதைத் தெரிந்துகொண்டுதான் "தங்கமா" என்று கேட்டாள். இல்லை, நாளைக்குச் சொல்லுவான். கல்யாணம் நின்றால்கூடப் பரவாயில்லை, காரணம் சொல்லித்தானே நிற்கும். அப்புறம் தங்கச்சி அந்தத் தெருவில் எப்படி இருப்பாள்?

கடை பனகல் பார்க் பக்கம் ஒரு சந்தில், மாடியில். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு அடிக்கிற கடை. அவன் பத்திரிகைகளை அடுக்கி ஓரம் வெட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"இன்னா அத்தே, இம்மாந் தொலைவு?"

"அந்த மூடி... ஆபீஸ்ல கேக்கறாங்க நைனா."

"தோ." மேஜை டிராயரைத் திறந்து எடுத்தான். ஒரு பழுப்புக் காகிதத்தில் சுற்றி, நாலு பக்கமும் டேப் ஒட்டியிருந்தது.

"போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். ஒண்ணியும் வரல அத்தே. கன்னாபின்னான்னு எழுத்து வந்துது. மூடிட்டேன்." அவன் மறுபடி பத்திரிகையை எடுத்து வெட்ட ஆரம்பித்தான். "டீ சொல்லட்டா?"

வேண்டாம் என்றேன். கீழே இறங்கி வந்து, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தேன். கன்னாபின்னா என்று வந்தது என்றானே, சார் காட்டிய பூட்டு மாதிரி அது தானாகவே பூட்டிக்கொண்டுவிட்டதோ என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. அப்படி நினைத்துக்கொண்டே போக ஆசையாக இருந்தது.

ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது பகல் தாண்டிவிட்டது. மேடம் ரூமில் அந்தப் பெண்ணும் சாரும் இருந்தார்கள். நான் பையை மேஜைமேல் கவிழ்த்தேன். பதினாலும் விழுந்தன, சட்னி வாசனையோடு. மேடம் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில் டம்ளர் வாயின் வட்டம் பதிந்திருந்தது.

எங்கே இருந்தது, யார் வீட்டில், எதற்கு என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அத்தனை பேசியது அன்றைக்குத்தான். நான் கேட்காமல் எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். உடனே அந்தப் பெண், "இல்ல மேடம், நான்தான் எடுத்துக்கச் சொன்னேன். என்னன்னுகூடப் பாக்கல" என்று அழ ஆரம்பித்தது.

சார் ஒவ்வொன்றாக வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். பாதிக்கு மேல் திறந்தது. டேப் ஒட்டியதைப் பிரித்துப் போட்டார். "இது சுத்தமா திறக்குதே," என்றார். திரையில் தமிழ் எழுத்து தெரிந்தது. எனக்குத் தமிழ் படிக்க வரும். நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கடைக்காரப் புள்ள கன்னாபின்னான்னு வந்துச்சுன்னு சொல்லிச்சுங்க," என்றேன் சுவரைப் பார்த்தபடி.

"அவங்க மெஷின்ல இந்தத் தமிழ் எழுத்து, ஃபான்ட்டுன்னு சொல்லுவோம், அது இல்லேன்னா அப்படி வரும். ஆனா இதே எழுத்துதான் மெட்ராஸ்ல பாதி கடையில இருக்கு." சார் பிளாப்பியை வெளியே எடுத்து, "ரெண்டுல எதுவும் இருக்கலாம் ஆயாம்மா" என்றார்.

மேடம் கையிலிருந்த பிளாப்பியைக் கீழே வைத்தார். அப்போதும் குரல் உயரவில்லை. "நாம இங்க ஏ.சி. ரூம்ல உக்காந்துண்டு எந்தப் பூட்டு ஒசத்தின்னு பேசிண்டிருந்தோம். பேரெல்லாம் டம்ளர் மேல உக்காந்துண்டிருந்திருக்கு." அந்தப் பெண்ணிடம் சொன்னார்: எல்லாவற்றிலிருந்தும் பேரை எடுத்துவிடு. பேருக்குப் பதில் நம்பர் போடு. எந்த நம்பர் எந்தப் பேர் என்கிற பட்டியல் ஒரே ஒரு பிளாப்பியில் மட்டும் இருக்கட்டும், அதற்குப் பெரிய பூட்டு. ரகசிய வார்த்தையில் முன்பாதி எனக்கு, பின்பாதி உனக்கு. நீ தட்டும்போது நான் வெளியே நிற்கிறேன், நான் தட்டும்போது நீ நில்.

ஹெட் கிளார்க் வந்து கவரைக் கேட்டார். மேடம் கவர் கிடையாது என்றார்.

"அப்போ ஆபீஸ் பொறுப்பில்லை மேடம். எழுதிக் குடுத்துடுங்க."

"எழுதிக் குடுக்கறேன்."

"ரெண்டு பேர்ல ஒருத்தர் மறந்தாலும்..."

"மறந்தா தொலையட்டும் சார். அவா நம்மகிட்ட சொன்னது தொலைஞ்சா அவாளுக்கு நஷ்டமில்லை. அகப்பட்டாத்தான் நஷ்டம்."

பிளாப்பி பதினாலையும் அழிக்க வேண்டும் என்றதும் மேடம் கத்திரிக்கோலை என்னிடம் கொடுத்தார். பிளாஸ்டிக்கைப் பிளந்தால் உள்ளே பழுப்பாக ஒரு வட்டம், வெங்காயச் சருகு போல. அவ்வளவு மெல்லிசில் எங்கள் தெருவே இருந்ததா என்று நம்ப முடியவில்லை. ஒவ்வொன்றையும் எட்டாக வெட்டினேன். என்னை வேலையை விட்டு யாரும் போகச் சொல்லவில்லை. அந்தப் பெண் படித்து முடித்து, பிற்பாடு வெளிநாடு போயிற்று.

தங்கச்சியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாக்கு கொடுத்தவள் நான் என்பதால் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டுவிட்டு, "நீ சொன்னதாலதான் சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான். எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் அவளே வந்தாள்.

"அவன் படிச்சிருப்பானா?"

"ஒண்ணும் வரலன்னான்."

"அவன் சொன்னது கெடக்கட்டும். நீ இன்னா நெனைக்கிறே?"

நான் எழுந்து டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

"நானே போயி சொல்லிடட்டா? அப்பால கல்யாணம் நின்னா நிக்கட்டும்."

"வாணாம். பொண்ணு பாவம்," என்றேன். நான் சொன்னது சரியா தப்பா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கல்யாணம் கோவிலில் நடந்தது. தங்கச்சி ஒரு தூண் ஓரமாகவே உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை காலில் விழ வந்தபோது பின்னால் நகர்ந்துகொண்டாள். அதற்கப்புறம் மகள் வீட்டுக்குப் போனால் அவன் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவாள். அவன் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால் அவன் கையைப் பார்ப்பாள், தயங்குகிறானா என்று. அவன் சாதாரணமாகப் பேசினால் நடிக்கிறான் என்பாள், பேசாமல் இருந்தால் தெரிந்துவிட்டது என்பாள். இப்படி ஒன்றரை வருஷம். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து பதினோரு நாளில் போய்விட்டாள். தெருவுக்கு டி.பி. என்றோம். தோளில் தூக்கிப் போனவர்களில் மருமகன் முன்னால் இருந்தான்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். வாசலில் கட்டியிருந்த சாமியானாவை அவன் அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை.

"அத்தே, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு கடையில உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

நான் மடக்குவதை நிறுத்தவில்லை.

"அது தொறந்துது. தமிழ்ல நல்லாவே வந்துது. மொதோ பேரு எங்கம்மாது." கயிற்றின் முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தான். "வயசு, கடை, அல்லாம் போட்டிருந்துது. அதுக்குக் கீழ இன்னாவோ நாலு வரி. நான் படிக்கல. மெய்யாலுமே படிக்கல. சுச்சையே ஆஃப் பண்ட்டேன். கடையில வேற எவனும் பாக்கக் கூடாதுன்னுதான் டேப்பு ஒட்டி வெச்சேன். அப்பால யார் யார் பேரு இருந்துதோ, எனக்குத் தெரியாது."

"சரி நைனா."

"எங்கம்மா இன்னா சொல்லிச்சின்னு உனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அந்தப் பொண்ணு என்னை வெளிய அனுப்பிடும்."

"தெரிஞ்சாலும் சொல்லாதே," என்றான். கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு பெஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனான்.

நான் அந்த நாற்காலி ஒன்றை மறுபடி விரித்து உட்கார்ந்துவிட்டேன். அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. மாமியார் டி.பி.யில் போனாள் என்றே தூக்கிப் போயிருக்கிறான். இதை அவன் மூன்று நாள் முன்னால் சொல்லியிருந்தால், வேண்டாம், மூன்று வாரம் முன்னால் சொல்லியிருந்தால், என் தங்கச்சி அவன் கொடுத்த தண்ணீரை ஒரு தரமாவது நிம்மதியாகக் குடித்திருப்பாள். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் அவன் அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். தங்கச்சியே போய்ச் சொல்லட்டும் என்று விட்டிருக்க வேண்டியவள் நான். மகளிடம் என்ன நோய் என்று அவள் அம்மாவே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டாளாம். மகள் புருஷனிடம் எப்போது சொன்னாள், சொன்னாளா என்று நான் கேட்டதில்லை. எழுதச் சொன்னாளே, அதை வைத்துச் சொல்லியிருப்பாள் என்று எடுத்துக்கொண்டேன்.

பூட்டுகளைப் பற்றி எழுதியது நான் டீ ஊற்றும்போது காதில் விழுந்ததுதான். மூன்று விதம் என்று எழுதிவிட்டேன், நாலாவது ஒன்றையும் சார் சொன்ன மாதிரி ஒரு நினைப்பு. பேட்டரியைப் பிடுங்கினால் வார்த்தை மறந்துபோகும் என்பதும், அழித்தாலும் எழுத்து உள்ளேயே நிற்கும் என்பதும் எனக்குப் புரிந்தபடி எழுதியிருக்கிறேன். பிளாப்பி பதினாலா பதிமூன்றா என்பதும் இப்போது சந்தேகமாக இருக்கிறது. கம்ப்யூட்டர் படித்தவர்கள் யாராவது இதை ஒரு தரம் பார்த்து, தப்பு இருந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்திக் கொடுத்தால் நல்லது.